மலிவு விலையில் ஹம்பக்கர் பேஸ்: ஸ்டிங்ரே வழியா, கிப்சன் வழியா?

கோயில் கொடைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசித்தவர்களுக்கு அந்த ஓசை பழக்கம். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கத் தொடங்குவார். நான்கு தந்தியையும் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நிற்போம். அப்போதும் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேலே சீரியல் லைட், காலடியில் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து பிரியும் எட்டு வயர். மிக்சருக்குப் பின்னாலிருந்து சவுண்டுக்காரர் நம்மைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டுவார், வால்யூமைக் குறை என்று.

அந்த முனகலை ஈக்யூவில், அதாவது ஓசையின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளில், வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்ட முடியாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அமுக்கினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். முனகல் நம் வாத்தியத்தின் நடுவீட்டிலேயே குடியிருக்கிறது. அதை வெட்டினால் ஜியும் போகும், அக்கம்பக்கத்துச் சுரங்களும் மெலிந்துபோகும். லீட் கிட்டார் வாசிப்பவருக்கு இந்தப் பாடு இல்லை. அவருடைய தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே எதை வெட்டினாலும் அவருக்கு நஷ்டமில்லை. நமக்கு முனகலை உள்ளே வரவிடாமல் தடுப்பதுதான் வழி. அதைச் செய்வது ஹம்பக்கர் பிக்கப். பிக்கப் என்றால் தந்தியின் கீழே இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி.

போன மாதம் அக்கா மகன் பாளையங்கோட்டையிலிருந்து போன் பண்ணினான்.

“மாமா, ஹம்பக்கர் போட்ட பேஸ் ஒண்ணு எடுக்கணும். பழைய ரெக்கார்டுல எல்லாம் வருமே, அந்த சவுண்டு வேணும். கையில நாப்பதாயிரம் இருக்கு. எதை எடுக்க?”

ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறான். மாதத்துக்கு ஒன்றிரண்டு மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. இதுவரை நண்பனின் பேஸை இரவல் வாங்கித்தான் ஓட்டினான். முதன்முதலாகத் தன் காசில் எடுக்கப் போகிறான்.

“எந்தப் பழைய ரெக்கார்டு?” என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் புரிந்திருக்காது. ஹம்பக்கர் என்றால் ஒரு ஓசை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரே ஓசை இல்லை, குறைந்தது மூன்று. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றொன்றை வாங்கி வந்தால், எவ்வளவு நல்ல வாத்தியமானாலும் ஆறு மாதத்தில் மூலையில் சாய்ந்துவிடும். அதனால் எந்த மாடல், என்ன விலை என்ற பேச்செல்லாம் அப்புறம்.

முதலில் ஹம்பக்கர் செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். சாதாரண பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். அதே சுருள் அறையில் உலவும் கரண்ட் இரைச்சலையும் ஒரு ஆண்டெனாபோலப் பிடித்துவிடும். ஹம்பக்கரில் இரண்டு சுருள். ஒன்றின் சுற்றுத் திசைக்கு மற்றது எதிர். காந்தத்தின் முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் அதிர்வுக்கு மட்டும் சுற்றும் காந்தமும் சேர்ந்து மாறியிருப்பதால், அது அழியாமல் கூடி நிற்கும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. இரண்டு சுருளும் தந்தியின் இரண்டு இடங்களில் காது வைக்கின்றன. மிக உயர்ந்த அதிர்வுகளில் அலை அவ்வளவு குட்டை என்பதால் ஓரிடத்தில் மேடும் மற்ற இடத்தில் பள்ளமுமாக விழுந்து கொஞ்சம் அடிபட்டுப்போகும். கூர்மை மழுங்கி, ஓசை திரண்டு வரும். ஹம்பக்கர் ‘தடிப்பு’ என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். மீதிப் பாதி, அந்தச் சுருள்கள் தந்தியின் கீழே எங்கே உட்கார்ந்திருக்கின்றன, எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, ஒன்றோடொன்று எப்படி இணைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. மூன்று குரல்களும் பிரிவது இங்கேதான்.

முதல் குரல்: ஸ்டிங்ரே

ஃபெண்டர் நிறுவனத்தை 1965-இல் சிபிஎஸ்ஸுக்கு விற்ற லியோ ஃபெண்டர், பிறகு ஃபாரெஸ்ட் ஒயிட், டாம் வாக்கர் ஆகியோருடன் மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்தார். அங்கே 1976-இல் வந்தது ஸ்டிங்ரே. ஒரே ஒரு பெரிய ஹம்பக்கர். தந்திக்கு இரண்டாக எட்டுத் தடித்த காந்தக் குமிழ்கள், தூரத்திலிருந்தே கண்ணில் படும். உள்ளே, ஓசையைப் பெருக்கித் திருத்த, பேட்டரியில் ஓடும் ஒரு ப்ரீஆம்ப்.

இதன் ரகசியம் இரண்டு. சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோக்காமல் பக்கவாட்டில் இணையாகச் சேர்த்திருப்பதால், ஹம்பக்கராக இருந்தும் மேல்சுரங்கள் மழுங்காமல் வருகின்றன. இரண்டாவது, பிக்கப் இருக்கும் இடம். தந்தி உடம்பில் வந்து முடியும் பிரிட்ஜை ஒட்டியும் இல்லை, நடுவிலும் இல்லை; ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸில் பிக்கப் இருக்கும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட ஓரிடம். விரலால் சற்று அழுத்தி இழுத்தால் ஒரு உறுமல் வரும். கட்டைவிரலால் தட்டினால் வெண்கலத் தட்டில் அடித்தமாதிரி தெறிக்கும். சிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸும், பிரதர்ஸ் ஜான்சனின் லூயிஸ் ஜான்சனும் எழுபதுகளின் கடைசியில் ஆட்டத்தளங்களை அசைத்தது இந்த வாத்தியத்தால். ‘பழைய ரெக்கார்டு’ என்று சொல்லும்போது டிஸ்கோவும் ஃபங்க்கும் மனதில் ஓடினால், தேடுவது இந்தக் குரலைத்தான்.

அமெரிக்காவில் செய்த ஸ்டிங்ரே நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதே நிறுவனத்தின் அனுமதியோடு இந்தோனேசியாவில் தயாராகும் ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன் வரிசையில் கீழ்ப்படி ரே4. 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 21 ஃப்ரெட், ஒரு ஹம்பக்கர், இரண்டு பட்டை ஈக்யூ. வால்யூம், ட்ரெபிள், பேஸ் என்று மூன்றே திருகுகள்.

ஒரு நண்பரின் ரே4-ஐ இரண்டு வாரம் வைத்து வாசித்தேன். முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு திருகையும் முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். காதில் கரகரவென்று விழுந்தது. ட்ரெபிளை நடுவுக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, பேஸை நடுவுக்குச் சற்று மேலே வைத்தபோதுதான் வாத்தியம் வாயைத் திறந்தது. வலது கை எங்கே விழுகிறது என்பதும் இதில் மிகவும் முக்கியம். பிக்கப்பின் மேலேயே கட்டைவிரலை ஊன்றி வாசித்தால் உறுமல். ஐந்து விரற்கடை நெக் (கழுத்து) பக்கம் நகர்ந்தால் உருண்டையாக, அடக்கமாக. சர்ச்சில் நிதானமான பாட்டுக்கு நான் நெக் பக்கமே கையை வைத்தேன். ஸ்டிங்ரே வகை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே பிக்கப்பில் என்ன வேறுபாடு கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேறுபாடு கையில் இருக்கிறது.

இரண்டு ஹம்பக்கரோடு ஐந்து வழி சுவிட்ச் வைத்த ரே4 எச்.எச். என்ற வடிவமும் உண்டு. நெக் பக்க ஹம்பக்கர் கூடுதல் உருட்டலைத் தரும். ஆனால் ஒற்றை ஹம்பக்கரின் அந்த எளிமை எனக்குப் பெரிது. புதிதாகத் தொடங்குகிறவன் சுவிட்சைத் தேடாமல் விரலைத் தேடட்டும்.

ரே4-இன் பெரிய கட்டுப்பாடு பேட்டரி. பேட்டரி இல்லாமல் ஓட்டும் வசதி இதில் கிடையாது. 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் வாத்தியம் ஊமை. இப்படிப் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் ஒன்றை, வேறொரு மாடல் அது, ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓசை உடைந்தது; ஸ்பீக்கர் கிழிந்ததோ என்று சவுண்டுக்காரர் ஓடினார். அடுத்த பாட்டின் சரணத்தில் ஒன்றுமே வரவில்லை. பேட்டரி மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் இல்லை. கீபோர்டு அண்ணன் இடது கையால் பேஸ் வரியை வாசித்து என்னைக் காப்பாற்றினார். வீட்டில் கேபிளைக் கழற்றாமல் இரவெல்லாம் விட்டிருந்தேன். கேபிள் செருகியிருக்கும்வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து பேட்டரியின் மேல் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவைக்கிறேன்.

இரண்டாம் குரல்: ஈபி

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது இது. கிப்சன் 1959-இல் ஈபி-0, 1961-இல் ஈபி-3 என்று இரண்டு பேஸ்களைக் கொண்டுவந்தது. நெக் முடியும் இடத்திலேயே ஒட்டினாற்போல ஒரு பெரிய ஹம்பக்கர். உள்ளே சுருள்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும், ஏராளமான சுற்று. சுற்று கூடக் கூட ஓசையின் பலம் ஏறும், கூர்மை இறங்கும். இது அந்த எல்லைக்கே போன பிக்கப். ‘மட்பக்கர்’ என்றே வாசிப்பவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். மட் என்றால் சேறு. ஈபி-3-இல் பிரிட்ஜ் பக்கம் ஒரு சிறு ஹம்பக்கர் கூடுதல். க்ரீம் குழுவில் ஜாக் புரூஸும், ஃப்ரீ குழுவில் ஆண்டி ஃப்ரேசரும் வாசித்தது ஈபி-3.

ஸ்கேல் 30.5 அங்குலம். வழக்கமான 34 அங்குலத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும். சிறிய கைக்காரருக்கும், லீட் கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறவருக்கும் வரம். தந்தியின் இழுவிசை குறைவு, அதனால் விரலுக்கு வெண்ணெய்போல. ஓசையில் தொடக்க அடி மெல்லியது, அதன்பின் ஒரு பெரிய வட்டமான ஊதல். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து பிடித்து நிற்குமே, அந்த நிறைவு இதன் ஒற்றைச் சுரத்தில் உண்டு.

கிப்சனுக்குச் சொந்தமான எபிஃபோன் பெயரில் வந்த ஈபி-0 இதன் மலிவு வடிவம். இரட்டைக் கொம்பு உடம்பு, திருகாணியில் பூட்டிய நெக், ஒரு வால்யூம், ஒரு டோன். பேட்டரி வேண்டாம். என் கையில் வந்தது இன்னொருவரிடமிருந்து கை மாறி வந்த பழையதுதான். வீட்டில் ஹெட்போனில் வாசித்தால் எழுந்து போக மனம் வராது. வழுவழுப்பான ஃப்ளாட்வூண்ட் தந்தி போட்டால் இன்னும் அழகு. சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் போட்டு டோனை முழுக்கத் திறந்தால் கொஞ்சம் தெளிவும் எட்டிப்பார்க்கும்.

ஆனால் கும்பலோடு வாசிக்கும்போது கதை வேறு. நம் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் உண்டு; அதன் கிக் ஓசை அடியில் பரவி நிற்கும். கீபோர்டுக்காரரின் இடது கை அதே இடத்தில் நடமாடும். தவில் வந்தால் சொல்லவே வேண்டாம். ஈபியின் பலம் முழுவதும் அந்தக் கீழ்த்தளத்தில்தான். ஏற்கெனவே கூட்டம் நிற்கும் இடத்தில் இதுவும் போய் நின்றால், யார் குரலும் பிரியாது. இளையராஜா பாடல்களில் பேஸ் சும்மா அடி தாங்குவதில்லை, பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு ஓடும். அந்த வரியை ஈபி-0-இல் வாசித்தபோது விரல் சரியாக ஓடியது, வெளியே நின்று கேட்ட தம்பிக்குச் சுரம் பிரிந்து கேட்கவில்லை. மூன்று பேர் குழுவில், ஒரு கிட்டார், ஒரு டிரம் செட், ஒரு பேஸ் என்றால் இதே வாத்தியம் ராஜா. க்ரீமில் மூன்றே பேர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு. குட்டை ஸ்கேலுக்கான தந்தி செட்டைக் கடையில் போய்க் கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். நீளத் தந்தியை வெட்டிப் போடுவதில் தடித்த பகுதி, தலையில் தந்தி சுற்றும் போஸ்ட்டில் சுற்றி அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

மூன்றாம் குரல்: தண்டர்பேர்ட்

கார் வடிவமைப்பாளரான ரே டீட்ரிச்சைக் கொண்டு கிப்சன் வரைவித்து 1963-இல் வெளியிட்டது தண்டர்பேர்ட். ஈபியின் குட்டை ஸ்கேலை விட்டு 34 அங்குலத்துக்கு வந்தது. ஒற்றை பிக்கப் வைத்தது தண்டர்பேர்ட் II, இரட்டை பிக்கப் வைத்தது தண்டர்பேர்ட் IV. இதன் ஹம்பக்கர்கள் சேற்றில் இறங்குவதில்லை; நடுச்சுரங்களில் ஒரு முரட்டு முறுக்கு இருக்கும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து அடித்தால், டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டாருக்கு நடுவிலும் சுவர்போல நிற்கும். ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் சில காலமும், மோட்லி க்ரூவின் நிக்கி சிக்ஸ் பல காலமும் இதைத் தோளில் போட்டிருந்தார்கள். ராக் மட்டுமே வாசிப்பேன் என்பவருக்கு எபிஃபோன் தண்டர்பேர்டைவிட வேறு ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வராது.

எபிஃபோனில் இது இரண்டு விதம். திருகாணி நெக் வைத்த மலிவு வடிவம் ஒன்று. நெக் உடம்பினூடாகவே ஓடும், கிப்சனை ஒட்டிய அறுபதுகள் வடிவம் இன்னொன்று. அது விலையில் ஒரு படி மேல். நம் தொகைக்கு முதலாவதுதான்.

குறை அதன் உடம்பிலேயே இருக்கிறது. தலை கனம். கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். வழுவழுப்பான நைலான் பட்டைக்குப் பதில் உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பட்டை போட்டால் ஓரளவு நிற்கும், முழுக்க நிற்காது. நீளமும் அதிகம், எல்லா உறையிலும் நுழையாது. பைக்கில் பின்னால் மாட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவன் இதை யோசிக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் போவோம்.

யமஹாவும் ஐபனீஸும்

கடைக்குப் போனால் முதலில் கையில் தருவது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். யமஹா டிஆர்பிஎக்ஸ்304, ஐபனீஸ் எஸ்ஆர்300ஈ. இரண்டிலும் இரண்டு ஹம்பக்கர், ஆக்டிவ் ப்ரீஆம்ப், 24 ஃப்ரெட். யமஹாவில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் விரல், பிக், ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டுவது) உள்ளிட்ட ஐந்து தயார் அமைப்புகள் மாறும். ஐபனீஸில் பிக்கப்பை ஹம்பக்கராகவும் ஒற்றைச் சுருளாகவும் மாற்றும் மூன்று வழி சுவிட்ச். அதோடு மெல்லிய நெக், லேசான உடம்பு. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை நன்றி சொல்லும்.

வேலைக்கு என்று பார்த்தால் இவை இரண்டும் மேலே சொன்ன மூன்றைவிடவும் வசதியானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய ஓசை, புது ஓசை என்ற கவலையே இல்லாமல் எல்லாப் பாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்றால் யமஹாவை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மருமகன் கேட்டது வசதியை இல்லை. ஒரு ஓசையைக் கேட்டான். இவை எல்லாக் குரலிலும் தெளிவாகப் பேசும். அந்த ரெக்கார்டில் அவன் கேட்ட ஒற்றைக் குரல் இவற்றில் இல்லை.

சிறு ஹம்பக்கர் இரண்டு வைத்த கிரெட்ச் ஜூனியர் ஜெட் பேஸும் ஒரு நல்ல குட்டை ஸ்கேல் தேர்வு, 30.3 அங்குலம்; ஈபியைப்போல அவ்வளவு இருட்டு இல்லை. வயலின் வடிவ ஹோஃப்னரின் மலிவுப் பதிப்பையும் சிலர் கேட்பார்கள். பால் மெக்கார்ட்னியின் ஓசைக்கு அதுதான் வழி, மறுப்பதற்கில்லை. உடம்பு உள்ளீடற்றது என்பதால் மானிட்டர் பக்கத்தில் நின்றால் ஊளையிடும். கொடை மேடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

முனகல் மட்டும்தான் பிரச்சினை என்றால்

இதைச் சொல்லாமல் விட்டால் சிலரின் பணம் வீணாகும். பிரெசிஷன் பேஸில் 1957-லிருந்து இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் முனகலை அழிக்கும். ஒரு பாதி ஈ, ஏ தந்திகளுக்கு. மறுபாதி டி, ஜி தந்திகளுக்கு. இரண்டும் எதிரெதிர். ஒவ்வொரு தந்தியையும் ஒரு சுருள்தான் கேட்கிறது என்பதால் ஓசை ஹம்பக்கர்போல இருக்காது, ஆனால் அமைதி அதே அமைதி. இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த ஜாஸ் பேஸிலும் இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்து வைத்தால் பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து முனகலை அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்தால்தான் முனகல் தலையெடுக்கும். மருமகன் இரவல் வாங்கி வாசித்தது ஜாஸ் பேஸ். எப்போதும் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்திருக்கிறான். “ரெண்டையும் தொறந்து பாரு” என்றேன். அடுத்த ஞாயிறு போன் வந்தது: “மாமா, சத்தமே இல்ல!” அமைதி மட்டும் போதும் என்றிருந்தால் அவனுக்கு அங்கேயே வேலை முடிந்திருக்கும்.

ஹம்பக்கர் எல்லா இரைச்சலையும் போக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தந்தியைத் தொட்டால் நின்று, கையை எடுத்தால் வரும் ‘ஜ்ஜ்ஜ்’ ஓசை பெரும்பாலும் வாத்தியத்துக்குள் இரைச்சலைத் தடுக்கும் காப்புப் பூச்சு இல்லாததால் வருவது. மிக்சரும் ஆம்பும் வேறு வேறு பிளக்கில் இருந்து எர்த் சுற்றிக்கொண்டால் வரும் இரைச்சலுக்கும் பிக்கப் பொறுப்பில்லை. பேஸை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளிப் பார்க்க வேண்டும். மைக்கில் உதடு பட்டாலோ தந்தியைத் தொட்டாலோ ஷாக் அடித்தால் வாசிப்பதையே நிறுத்திவிட்டு, கரண்ட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் நின்றது என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடும் வேலை அது.

மலிவு பேஸ் ஒன்றை வாங்கி அதில் நல்ல ஹம்பக்கரைப் பொருத்தலாமே என்று கேட்பார்கள். மரத்தைக் குடைய வேண்டும், பிக்கப் வாங்க வேண்டும், ஸ்டிங்ரே ஓசைக்கு ப்ரீஆம்பும் வேண்டும். எல்லாம் கூட்டினால் ரே4-ஐயே எடுத்திருக்கலாம் என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். குடைந்த இடம் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் ஓசையும் தள்ளிப்போகும்.

கடையில் பார்த்தது

இருவரும் கடைக்குப் போனோம். அங்கே ரே4 ஒன்றும், திருகாணி நெக் தண்டர்பேர்ட் ஒன்றும், யமஹாவும் இருந்தன. என் ஈபி-0-ஐயும் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

முதல் வேலையாகக் கடைக்காரரிடம் பெரிய ஆம்பில் போட்டுத் தரச் சொன்னேன். வாசலில் வைத்திருந்த எட்டு அங்குல ஸ்பீக்கர் ஆம்பில் பேஸை மதிப்பிட முடியாது. ஈ தந்தியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், அந்தப் பெட்டி அதைத் தொடவே தொடாது. அதில் ஈபி கொழகொழவென்றும் ரே4 பிரமாதமாகவும் கேட்கும். அது வாத்தியங்களின் வித்தியாசமில்லை, பெட்டியின் ஊனம். ஆம்பின் ஈக்யூ எல்லாவற்றையும் நடுவில் வைத்தோம். ஒரே வரியை நாலு பேஸிலும் வாசிக்கச் சொன்னேன், அவனுக்கு நன்றாகத் தெரிந்த வரி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி நானும் வாசித்துக் காட்டினேன். மாடல் பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும்.

பிறகு ரே4-ஐ மடியில் வைத்து நெக்கைப் பார்த்தோம். ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்திலும் அமுக்கி, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. கொஞ்சம் அதிக வளைவு, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பினால் சரியாகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். கடைக்காரரின் ஆள் அங்கேயே இரண்டரைக்கு இறக்கித் தந்தார். ஃப்ரெட் ஓரங்களில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மலிவு வாத்தியத்தில் ஓரங்கள் கீறும், இதில் இரண்டு இடத்தில் லேசாக உறுத்தியது. அரம் போட்டால் போய்விடும். வால்யூம் திருகைச் சுற்றிக் கரகரப்பு உண்டா என்று கேட்டோம். ஜாக்கில் கேபிளை ஆட்டிப் பார்த்தோம். கடைசியாக ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே போய் நின்று தந்தியை விட்டுக் கையை எடுத்தான். அமைதி. அந்த அமைதியைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

தண்டர்பேர்டைத் தோளில் மாட்டியதும் கண்ணாடியில் தன்னையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். அழகுதான். ஆனால் கண்ணை மூடிக் கேட்டபோது அவன் காட்டியது இரண்டு முறையும் ரே4. அவன் ‘பழைய ரெக்கார்டு’ என்றதும் அந்த உறுமலைத்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே விளங்கியது. சர்ச்சிலும் கச்சேரியிலும் கீபோர்டும் ரிதம் பேடும் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஏறித் தெரிய அந்த உறுமல் வேண்டும். எனக்கு ஈபி-0 பிடிக்கும் என்பதற்காக அவன் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கையில் இருந்த தொகையைக் கொஞ்சம் தாண்டியது. உறைக்கும் கூடுதல் தந்தி செட்டுக்கும் நான் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பேஸின் பின்பக்க மூடி திறந்திருக்கிறது. உள்ளே புதிய 9 வோல்ட் பேட்டரி, அதன் மேல் கறுப்பு மார்க்கரில் அன்றைய தேதி. உறையின் முன் ஜிப்பில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் வைத்துவிட்டதாகக் கீழே எழுதியிருந்தான்.